பட்டாணி சொன்ன சாட்சி

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்த யாருக்கும் மெண்டல் என்ற பெயர் மறந்திருக்காது. நெட்டைச் செடி, குட்டைச் செடி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் என்று கட்டம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். வட்டக் கண்ணாடி அணிந்த ஒரு பாதிரியாரின் படமும் பாடத்தின் ஓரத்தில் இருக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

பாடப் புத்தகம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. மெண்டல் இறந்து 52 ஆண்டுகள் கழித்து, அவர் கொடுத்த கணக்கு திருத்தப்பட்ட கணக்கு என்று ஒரு புகார் எழுந்தது. புகார் சொன்னவர் பொறாமைக்காரரும் இல்லை, அரைகுறையாகப் படித்தவரும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பலமுறை வந்து போனவர். நம் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றது இவரிடம்தான். அப்படிப்பட்டவர் ஒரு கணக்கைப் பார்த்து முகம் சுளித்தால், அதை ஒதுக்கிவிட முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் மண்ணுக்குள் இருக்கிறார். அவருடைய குறிப்பேடுகள் எரிந்து போய்விட்டன. பிறகு யார் சாட்சி சொல்வது? அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். மெண்டல் 1822-ல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யோஹான். படிக்க ஆசை, கையில் காசு இல்லை. 1843-ல் ப்ரூன் நகரத்துப் புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். அந்த ஊர் இன்று செக் நாட்டில் ப்ர்னோ என்ற பெயரில் இருக்கிறது. மடத்தில் கொடுத்த பெயர்தான் கிரிகோர்.

ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வில் 1850-ல் தோற்றார். மடத்துத் தலைவர் நாப் நல்ல மனிதர். "இவனால் முடியாது" என்று விட்டுவிடாமல், வியன்னா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பினார். அங்கே இரண்டு ஆண்டுகள். இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர், ரயில் ஊதல் சத்தம் நெருங்கும்போது ஒரு மாதிரியும் விலகும்போது ஒரு மாதிரியும் கேட்பதை விளக்கும் விதியைக் கண்டுபிடித்த அதே டாப்ளர். செடிகளைப் பற்றிப் பேசும்போதும் எண்ணிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் மெண்டலுக்கு அங்கே ஊறியிருக்க வேண்டும். திரும்பி வந்து 1856-ல் மறுபடியும் அந்தத் தேர்வுக்குப் போனார். அதையும் முடிக்கவில்லை. கடைசிவரை தேர்வு பெறாத ஆசிரியராகவே 14 ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தினார்.

தேர்வில் இரண்டாம் முறை தடுக்கிய அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். விதை வியாபாரிகளிடமிருந்து 34 வகைப் பட்டாணி வாங்கி, முதல் இரண்டு ஆண்டுகள் அவை குணம் மாறாமல் வருகின்றனவா என்று மட்டும் சோதித்தார். பிறகு 22 வகைகளை வைத்துக்கொண்டார். விதை உருண்டையா சுருக்கமா, உள்ளே மஞ்சளா பச்சையா, பூ ஊதாவா வெள்ளையா, காய் உப்பியதா ஒட்டியதா, பிஞ்சில் காய் பச்சையா மஞ்சளா, பூ தண்டு நெடுகவா நுனியிலா, செடி நெட்டையா குட்டையா என்று ஏழு ஜோடிப் பண்புகள்.

பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது. அதன் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். வண்டோ காற்றோ வந்து கலப்படம் செய்வது அரிது. நாம் கலக்க வேண்டுமென்றால், மொட்டை மெல்லத் திறந்து, முதிராத மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவாக இந்த வேலை. எட்டு ஆண்டுகள் இப்படியே போயின.

உருண்டையையும் சுருக்கத்தையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அதைத் தானாகக் காய்க்க விட்டால், அடுத்த தலைமுறையில் காணாமல் போன சுருக்கம் திரும்பி வரும். இது மெண்டலுக்கு முன்பும் சிலர் பார்த்ததுதான். அவர் செய்த புதுமை, எண்ணியது. 253 செடிகளிலிருந்து 7,324 விதைகள். அதில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. மஞ்சள், பச்சை கணக்கில் 8,023 விதைகள். மஞ்சள் 6,022, பச்சை 2,001. இரண்டிலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு கூறுகள் வருகின்றன, அவை கரைந்து கலப்பதில்லை, அடுத்த தலைமுறைக்குப் பிரிந்து போகின்றன என்று அவர் முடிவு செய்தார். அந்தக் கூறுகளைத்தான் இன்று ஜீன் அல்லது மரபணு என்கிறோம்.

1865 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உள்ளூர் இயற்கை ஆய்வுச் சங்கத்தில் இதைப் படித்தார். 1866-ல் அச்சில் வந்தது. 40 தனிப் பிரதிகள் வாங்கிப் பெரிய அறிஞர்களுக்கு அனுப்பினார். மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலி மட்டும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார், ஆனால் அவருக்கும் இதன் அருமை பிடிபடவில்லை. 1868-ல் மெண்டல் மடத்துத் தலைவரானார். நிர்வாக வேலை நெருக்கியது. பிறகு மடங்களுக்கு அரசு புது வரி போட்டபோது, அது நியாயமில்லை என்று சாகும்வரை கட்ட மறுத்தார். 1884 ஜனவரி 6-ல் இறந்தார். அடுத்து வந்த தலைவர் காலத்தில் அவருடைய தாள்கள் நெருப்புக்குப் போயின.

1900-ல் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் என்ற மூவர் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து, பழைய கட்டுரையைத் தோண்டி எடுத்தார்கள். இறந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு மெண்டல் உலகப் புகழ் பெற்றார்.

புகழோடு சந்தேகமும் வந்தது. 1902-ல் இங்கிலாந்தில் வெல்டன் என்ற விலங்கியல் பேராசிரியர், பட்டாணியை மஞ்சள், பச்சை என்று இரண்டு குவியலாகப் பிரிக்கவே முடியாது, நடுவே எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன என்றார். வேறு வேறு வகை விதைகளைப் படமெடுத்தும் காட்டினார். இது முதல் புகார். ஃபிஷருடையது இரண்டாவது, இன்னும் கூர்மையானது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த 1911-லேயே இதைச் சொன்னவர், 1936-ல் விரிவாக எழுதினார்.

அலுவலகத்தில் தணிக்கை பார்த்த நண்பர்களுக்கு ஃபிஷரின் வாதம் சட்டென்று புரியும். சில்லறை பிசகாமல் எல்லா மாதமும் நேராக வரும் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு காசை நூறு முறை சுண்டினால் சராசரியாக ஐம்பது தலை விழும், சரிதான். ஆனால் ஒருவர் பத்து நாள் சுண்டி, பத்து நாளும் 49, 50, 51 என்றே எழுதி வந்தால் நம்புவோமா? மெண்டலின் எண்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தற்செயலாக இவ்வளவு பொருத்தமாக வருவதற்கு லட்சத்தில் ஏழு வாய்ப்புதான் என்று ஃபிஷர் கணக்கிட்டார்.

இதைவிடக் கனமான ஆதாரம் ஒன்றும் அவரிடம் இருந்தது. பொறுமையாகப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையில் நெட்டையாக இருக்கும் செடிகளில் மூன்றில் ஒரு பங்கு கலப்பில்லாத நெட்டை, மூன்றில் இரு பங்கு உள்ளே குட்டையை ஒளித்து வைத்திருக்கும் நெட்டை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் மெண்டல் ஒவ்வொரு செடியிலிருந்தும் 10 விதைகளை விதைத்தார். பத்தும் நெட்டையாக வந்தால் கலப்பில்லாதது. ஒன்றாவது குட்டையாக வந்தால் கலப்பு. ஆனால் கலப்புச் செடியும் சில சமயம் அதிர்ஷ்டவசமாகப் பத்து நெட்டையைக் கொடுத்து ஏமாற்றும். அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். ஆகவே இப்படிச் சோதித்த 600 செடிகளில், உண்மையான கலப்புச் செடிகள் 400 இருந்தாலும், எண்ணிக்கையில் 378 அளவில்தான் வர வேண்டும். மெண்டலின் கணக்கில் 399 என்று இருக்கிறது. இயற்கையாக வர வேண்டிய எண்ணை விட்டுவிட்டு, மெண்டல் எதிர்பார்த்திருக்கக்கூடிய எண்ணை ஒட்டி நிற்கிறது.

ஃபிஷருக்கு மெண்டல்மேல் மிகுந்த மரியாதை உண்டு. அவர் பொய் சொன்னார் என்று எழுத மனம் வரவில்லை. என்ன விடை வர வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த உதவியாளர் யாராவது கையை வைத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் ஊர் வாய் அப்படி நிற்குமா? மெண்டல் எண்களைத் திருத்தினார் என்ற பேச்சு பரவிவிட்டது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மெண்டல் சொன்னது உண்மையா என்பது ஒன்று. மெண்டல் நேர்மையாக எண்ணினாரா என்பது வேறொன்று.

முதல் கேள்விக்குப் பட்டாணியே பதில் சொன்னது. உலகெங்கும் பலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அவர்களில் டார்பிஷயர் என்பவர் முக்கியமானவர். அவர் முதலில் வெல்டனோடு சேர்ந்து வேலை செய்தவர், அதாவது எதிர் அணி. தானே இனக்கலப்புச் செய்து பார்த்துப் பார்த்து மனம் மாறினார். 1909-ல் அவர் வெளியிட்ட எண்ணிக்கையில் மொத்தம் 1,45,246 விதைகள். மஞ்சள் 1,09,060. பச்சை 36,186. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கு ஒன்று. மெண்டலைக் கவிழ்க்கப் புறப்பட்ட முகாமிலிருந்து வந்தவர் கொடுத்த சாட்சி இது.

வெல்டனின் புகாருக்கான பதில் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. 1990-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் நிறுவனத்தில் மதன் பட்டாச்சார்யாவும் உடன் உழைத்தவர்களும் சுருக்கப் பட்டாணியின் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். உருண்டைப் பட்டாணியில் மாவுச்சத்துக்குக் கிளை பிரித்துக் கொடுக்கும் ஒரு நொதி இருக்கிறது. சுருக்கப் பட்டாணியில் அந்த ஜீனுக்கு நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டிருக்கிறது. நொதி வேலை செய்வதில்லை. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுப்பதால் விதை இளசாக இருக்கும்போது நன்றாகப் பருக்கிறது. முற்றிக் காயும்போது தண்ணீர் வற்றி, தோல் தளர்ந்து சுருங்குகிறது.

நம் வீட்டுச் சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். குளிர்பெட்டியில் வைக்கும் இனிப்பான பச்சைப் பட்டாணி பெரும்பாலும் சுருக்க வகை. சுண்டலுக்கு ஊறவைக்கும் காய்ந்த பட்டாணி உருண்டை வகை, மாவாக இருக்கும். மளிகைக் கடையில் வெள்ளைப் பட்டாணி என்று வாங்குவதை உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள். பக்கத்து மூட்டையில் சாயம் ஏற்றாத பச்சை இருந்தால், அது மெண்டலின் ஒடுங்கு பண்பு. மஞ்சள் வகை முற்றும்போது பச்சையம் சிதைந்துவிடும். பச்சை வகையில் அந்தச் சிதைக்கும் வேலைக்கான ஜீன் பழுது. இது தெரிந்தது 2007-ல்.

நெட்டை, குட்டைக்கான ஜீன் 1997-ல் கிடைத்தது. தண்டை நீட்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் கடைசிப் படியில் உள்ள நொதிதான் குட்டைச் செடியில் சோம்பிக் கிடக்கிறது. பூ நிறத்துக்கான ஜீன் 2010-ல் தெரிந்தது. மீதி மூன்று பண்புகளான காயின் நிறம், காயின் வடிவம், பூவின் இடம் ஆகியவற்றுக்கு 2025 ஏப்ரலில்தான் விடை வந்தது. ஜான் இன்னஸ் நிறுவனத்தாரும் சீன விஞ்ஞானிகளும் சேர்ந்து சுமார் 700 வகைப் பட்டாணியின் மரபுத் தொகுதியைப் படித்துக் கண்டுபிடித்தார்கள். பட்டாணியின் மரபுத் தொகுதி மனிதனுடையதைவிடப் பெரியது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழு பண்பும் மெண்டல் மனதில் வரைந்த கோடுகள் அல்ல, ஜீனில் உள்ள திட்டவட்டமான மாற்றங்கள் என்று இப்போது நிச்சயமாகிவிட்டது. ஆனால் வெல்டன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பூ நுனியில் வருவதற்கான ஜீன் இருந்தும், வேறொரு ஜீன் குறுக்கே நின்று அதை மறைத்துவிடுவதுண்டு என்று அதே 2025 ஆய்வு காட்டியது. ஒரு பண்புக்கு ஒரு ஜீன் என்ற பாடப்புத்தகக் கட்டத்துக்குள் தோட்டம் முழுவதும் அடங்குவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. எண்ணியதில் நேர்மை இருந்ததா? குறிப்பேடு இல்லை. அச்சான கட்டுரை மட்டும் இருக்கிறது. அதையே நாம் விசாரிப்போம்.

காயின் நிறத்தைச் சோதித்த 100 செடிகளில் அவர் எதிர்பார்த்தது ஏறக்குறைய 67-க்கு 33. கிடைத்தது 60-க்கு 40. அதை மறைக்கவில்லை. அச்சிட்டார். கணக்கு ரொம்ப விலகி நிற்கிறது என்று தானே சொல்லி, அந்த ஒரு சோதனையை மறுபடியும் செய்து, 65-க்கு 35 வந்ததையும் எழுதினார். ஃபிஷர் கணக்கிட்ட 600 செடிகளில் இந்த இரண்டு நூறும் அடக்கம்.

தனிச் செடிகளில் விகிதம் எவ்வளவு தாறுமாறாகப் போகிறது என்பதற்கும் உதாரணம் கொடுத்தார். ஒரு செடியில் உருண்டை 43, சுருக்கம் வெறும் 2. இன்னொன்றில் உருண்டை 14, சுருக்கம் 15. ஒன்றில் மஞ்சள் 32, பச்சை ஒன்றே ஒன்று. கணக்கைத் திருத்துகிறவர் இவற்றை எடுத்து முன்னால் வைப்பாரா?

அதே கட்டுரையில் அவரை வகை ஒன்றையும் கலந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். அதில் பூ நிறம் மூன்றுக்கு ஒன்று என்று வரவில்லை. ஊதாவிலிருந்து வெளிறிய நிறம் வரை பல சாயல்கள் வந்தன. அதையும் எழுதி, பல கூறுகள் சேர்ந்து அந்த நிறத்தை உண்டாக்கலாம் என்று ஊகம் சொன்னார். அந்த வழியில்தான் பின்னால் அறிவியல் நடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஹாக்வீட் என்ற காட்டுச் செடி. நேகெலி ஆராய்ந்து வந்த அந்தச் செடியில் மெண்டல் ஆண்டுக்கணக்கில் கண் வலிக்க வலிக்க உழைத்தார். பூ அவ்வளவு சிறியது. முடிவு தன்னுடைய பட்டாணி விதிக்கு நேர் எதிராக வந்தது. கலப்பின் சந்ததிகள் பிரியவே இல்லை. அதை 1869-ல் அதே சங்கத்தில் படித்து, மறு ஆண்டு அச்சிலும் கொடுத்தார். ஹாக்வீட் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாக்கும் செடி என்பது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் தெரிந்தது. பாவம், அவர் உயிரோடு இல்லை. தன் விதியைத் தானே பலவீனப்படுத்தும் முடிவை வெளியிட்டவருக்கு, பட்டாணி விதையில் நாலு எண்ணைத் திருத்த வேண்டிய அவசியம் என்ன?

அப்படியானால் ஃபிஷரின் கணக்கு தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. 2008-ல் ஐந்து அறிஞர்கள் சேர்ந்து இந்த வழக்கை முடித்து வைக்கவே ஒரு நூல் கொண்டுவந்தார்கள். மோசடி என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம். எண்கள் கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகின்றன என்பது அப்படியே நிற்கிறது. உருண்டையா சுருக்கமா என்று தயங்க வைக்கும் விதை கையில் வரும்போது, மனம் அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். விகிதம் தெளிவானதும் எண்ணுவதை நிறுத்தியிருக்கலாம். செய்த சோதனைகளில் தெளிவாக வந்தவற்றை மட்டும் எழுதியிருக்கலாம். இந்தக் காலத்தில் மருந்து சோதிக்கும்போது, யாருக்கு எந்த மாத்திரை என்று எண்ணுகிறவருக்கே தெரியாமல் மறைத்து வைப்பது இந்த மனச் சாய்வுக்குப் பயந்துதான். மெண்டல் காலத்தில் அந்த ஏற்பாடு பரவலான வழக்கமாகியிருக்கவில்லை.

ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் தனக்குச் சாதகமானதை எப்படி எழுதினார் என்பதோடு, பாதகமானதை என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மெண்டல் பாதகமானதையும் அச்சில் ஏற்றினார். எனக்கு அது போதும்.

2021-ல், அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டுக்குச் சற்று முன்பாக, ப்ர்னோ கல்லறையைத் திறந்து அவருடைய எலும்புகளிலிருந்து மரபணுக்களையும் படித்துவிட்டார்கள். ஜீன் என்ற சொல்லையே கேள்விப்படாதவருடைய ஜீன்கள். நாரிச் விதைக் களஞ்சியத்தில் அவர் ஆராய்ந்த பண்புகளைத் தாங்கிய பட்டாணி வகைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் விதைத்து எண்ணிப் பார்க்கலாம்.